முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் ஒருநாள் படகுப் பயணம்: திதி பார்ப்பதிலிருந்து கரையேறுவது வரை

திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டை அருகே ஜாம்புவானோடைத் துறையில் படகேறி, கோரையாற்று வழியாக லகூனுக்குள் (கடலோடு சேர்ந்த ஆழமில்லாத காயல்) இறங்கி, முகத்துவாரப் பக்கத்துத் திட்டுகளைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புகிற பயணத்துக்கான வழிகாட்டி இது. ஆற்றில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பும் சவாரிக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. காட்டையும் காயலையும் கடலையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

புதிதாக ஏற்பாடு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுகிறார்கள். பிறகு ஆட்களைச் சேர்க்கிறார்கள், வேன் பேசுகிறார்கள், சாப்பாட்டுக்குச் சொல்கிறார்கள், கடைசியாகப் படகைத் தேடுகிறார்கள். அன்றைக்குத் தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஒருவரும் கேட்பதில்லை. பத்து மணிக்கு மேல் துறைக்கு வந்து, நடு லகூனில் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளுகிற கூட்டம் எல்லாம் இப்படிக் கிளம்பியதுதான். முதலில் பருவம், பிறகு திதி, பிறகு படகோட்டி, பிறகு அனுமதி, அதற்கப்புறம்தான் ஆட்கள். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பொங்கல் கழிந்ததிலிருந்து மார்ச் கடைசி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆற்று வெள்ளம் வடிந்திருக்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். டெல்டாவில் பெய்கிற மழையெல்லாம் வடிகால் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. பாமினியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு என்று பல ஆறுகள் இந்த ஒரே காயலில் விழுகின்றன. வெள்ள நாளில் ஆற்றின் இழுப்பும் கடலின் ஏற்றமும் முட்டிக்கொள்ளும். புயல் காலமும் அதுதான். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா இந்தக் காட்டைச் சின்னாபின்னமாக்கியது.

ஏப்ரலுக்கு மேல் ஆற்றுநீர் குறைந்து லகூன் ஆழம் குன்றிவிடும், உப்பு ஏறும். படகில் நிழல் கிடையாது. வெயில் தலைக்கு மேலிருந்து ஒரு பங்கும் தண்ணீரில் பட்டு ஒரு பங்குமாக அடிக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் காலம் வேண்டவே வேண்டாம்.

2. திதியையும் ஓதத்தையும் பார்த்து நாள் குறியுங்கள்

இந்தப் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிற படி இதுதான்.

ஒரு நாளில் தண்ணீர் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இதுதான் ஓதம். ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் நேற்றைய ஏற்றத்தைவிட இன்றைய ஏற்றம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுமே அடங்கியிருக்கும். வீட்டுத் தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்தாலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏறி இறங்குகிற உயரம் ஒன்றும் பெரிதல்ல. லகூனும் ஆழமில்லாதது, பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இராது. அந்த ஆழத்தில் அரையடி கூடினால் படகு போகும், அரையடி குறைந்தால் சேற்றில் உட்காரும். ஏற்றம் சிறிது என்பதாலேயே இதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். சிறிதாக இருப்பதால்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

குறிக்க வேண்டிய நாள், உச்ச ஏற்றம் காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வருகிற நாள். பதினொரு மணிக்கு உச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரைக்குத் துறையை விட்டால், ஏறுகிற தண்ணீரோடு லகூனுக்குள் நுழையலாம். திட்டில் இறங்கும்போது தண்ணீர் நிறைந்திருக்கும். உச்சம் கழிந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பக் கிளம்பினால், அடி தெரிவதற்குள் ஆற்றுக்குள் வந்துவிடலாம்.

ஏறுகிற தண்ணீரில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஏற்றத்தில் தரை தட்டினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் நேரம் போகப் போகப் படகு இன்னும் அழுந்தும். அடுத்த ஏற்றம் வரும் வரை மணிக்கணக்கில் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

நாகப்பட்டினத்துக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற தவறு. நாகை வங்கக் கடலைப் பார்த்து நிற்கிறது. முத்துப்பேட்டை கோடியக்கரை முனையைச் சுற்றி வந்தால் பாக் நீரிணைப் பக்கம். முகத்துவாரத்தில் ஏறிய தண்ணீர் லகூனை நிரப்பி ஆற்றுக்குள் வரவும் நேரம் பிடிக்கும். ஏற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அட்டவணை போதும். மணியை மட்டும் படகோட்டியிடம் கேளுங்கள்.

ஒரு வசதி இருக்கிறது. உங்களுக்குத் தோதான நேரத்தில் ஏற்றம் வருகிற திதியை ஒருமுறை கண்டுகொண்டால் போதும். ஏறக்குறைய பதினைந்து நாள் கழித்து, எதிர்ப் பட்சத்தில் (வளர்பிறையானால் தேய்பிறையில், தேய்பிறையானால் வளர்பிறையில்) அதே திதிக்கு அதே நேரம் திரும்ப வரும். இந்த ஞாயிறு தவறினால் இரண்டு வாரம் பொறுங்கள். இடையில் ஒரு நாளை வலிந்து குறிக்காதீர்கள்.

3. படகோட்டியிடம் பேசுங்கள்

நாளை நீங்களே முடிவு செய்துவிட்டு அவரிடம் “வர்றீங்களா?” என்று கேட்காதீர்கள். வாடகைக்காகச் சரி என்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. “அண்ணே, இந்த வாரத்துல முகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வர எந்த நாள் தண்ணி நல்லாருக்கும்?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற நாளும் உங்கள் திதிக் கணக்கும் ஒத்து வந்தால் உறுதி செய்யலாம். ஒத்து வரவில்லையா, அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்பதெல்லாம் காலண்டரில் இருக்காது.

இவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனை பேர் ஏறலாம்? ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, சிறுவர் அளவில் உண்டா? இன்ஜின் நின்றால் துடுப்பும் நீண்ட மூங்கில் கழியும் படகில் இருக்குமா? நங்கூரம், கயிறு? உதவிக்கு இன்னொரு ஆள் வருவாரா? அந்த இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒருவர் இன்ஜினைப் பார்க்கும்போது மற்றவர் முன்னால் நின்று கழியால் ஆழம் பார்ப்பார்.

வாடகை படகுக்கா ஆளுக்கா, டீசல் சேர்த்தா தனியா என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். துறையில் நின்று பேரம் பேசுகிற அரை மணி நேரத்தில் ஏற்றம் உங்களை விட்டுப் போய்விடும்.

4. வனத்துறை அனுமதி

இது காப்புக்காடு. 2002இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கோடியக்கரை ஈரநிலத்தோடு சேர்ந்தது. அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். போகிறவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், நாள், போகிற இடம், படகு யாருடையது என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். படகோட்டி தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது.

மூன்று விஷயங்களை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டுக்குள் உள்ள மர நடைபாதையும் பார்வைக் கோபுரமும் இப்போது ஏறக்கூடிய நிலையில் உள்ளனவா? எந்தத் திட்டில் இறங்கலாம்? எந்தப் பகுதி அடைக்கப்பட்டிருக்கிறது? பழைய புகைப்படத்தில் இருக்கிற நடைபாதை இன்றும் இருக்கும் என்று நம்பி வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ட்ரோன் பறக்கவிட நினைத்தால் அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். அங்கே அமர்ந்திருக்கும் பறவைகளைப் பார்த்த பிறகு உங்களுக்கே அந்த எண்ணம் போய்விடும் என்று நம்புகிறேன்.

5. ஆட்களைச் சேருங்கள்

படகு தாங்கும் என்று சொன்ன எண்ணிக்கையில் இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் படகு தண்ணீரில் அழுந்துவது குறையும், ஆழமில்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை ஆற்றுப் பகுதி வரை தாராளமாக அழைத்துப் போகலாம். திட்டில் இறங்குவது அவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகளை எந்தப் பகுதிக்குமே அழைக்க வேண்டாம், முகத்துவாரம் நெருங்கினால் படகு தூக்கிப் போடும். நீந்தத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று முதலிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். பதில் எதுவானாலும் ஜாக்கெட் எல்லோருக்கும் உண்டு.

6. கொண்டு போக வேண்டியவை

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். சுற்றிலும் தண்ணீர்தான், ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. சின்ன பாட்டில்களாக வாங்காமல் கேனில் எடுத்து, எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொண்டால் காட்டில் குப்பை விழாது.

சாப்பாட்டுக்குப் புளியோதரை. வெயிலில் கெடாது, கையை நன்றாகக் கழுவ முடியாத இடத்தில் கரண்டியால் சாப்பிடலாம். தயிர்சாதம் எடுத்தால் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். குழம்பு, ரசம் எல்லாம் படகு ஒருமுறை ஆடினாலே போச்சு. உப்பு போட்ட மோரும் கொஞ்சம் வெல்லமும் இருந்தால் வெயிலில் களைத்தவர்களுக்கு உதவும்.

காலுக்குப் பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. ஹவாய் செருப்பு சேற்றில் கால் வைத்த மறு கணம் உள்ளேயே தங்கிவிடும், கால் மட்டும் வெளியே வரும். வெறுங்காலும் கூடாது. சேற்றுக்குள் உடைந்த சிப்பி ஓடுகள் இருக்கின்றன, அவை பிளேடைவிடக் கூர்மை.

கயிறு கட்டிய தொப்பி, முழுக்கைச் சட்டை, மாற்றுத் துணி ஒரு செட், துண்டு. கொசுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளுக்கும் தேங்காய் எண்ணெயையோ கடையில் விற்கிற களிம்பையோ கை கால்களில் தடவிக்கொள்ளலாம். கைபேசியும் பணமும் இரட்டைப் பையில். உள்ளே போகப் போக சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

முதலுதவிப் பையில் கண் கழுவச் சுத்தமான தண்ணீர் தனி பாட்டிலில் இருக்கட்டும். ஏன் என்பது ஒன்பதாம் படியில் வரும்.

7. முதல் நாள் இரவும் விடியற்காலையும்

வெளியூர்க்காரர்கள் முதல் நாளே முத்துப்பேட்டையிலோ திருத்துறைப்பூண்டியிலோ பட்டுக்கோட்டையிலோ வந்து தங்குவது நல்லது. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டைக்கு நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர் வழியாகவே போகிறது. விடியற்காலையில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி ஏழு மணிக்குத் துறையில் நிற்பேன் என்று சொல்கிறவர்கள் எங்கேயாவது இட்லி சாப்பிட நிறுத்துவார்கள். அந்த இட்லிக்குக் கொடுக்கிற விலை ஒரு மணி நேர ஏற்றம்.

இரவில் வானிலை அறிக்கையையும் மீனவர்களுக்கான எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மறு பேச்சு வேண்டாம், பயணம் ரத்து. காலையில் படகோட்டிக்கு ஒரு போன் போட்டுக் காற்றைக் கேளுங்கள். ஜனவரியில் வாடை (வடக்கிலிருந்து வருகிற காற்று) வலுத்திருந்தால் போகும்போது ஒன்றும் தெரியாது, காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடித்து எல்லோரையும் நனைக்கும், நேரமும் கூடும். அப்படிப்பட்ட நாளில் முகத்துவாரத்தை விட்டுவிட்டு லகூனின் வடகரையோடு திரும்பிவிடுங்கள்.

கழிப்பறைத் தேவையைக் கரையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காட்டுக்குள் வசதி கிடையாது. பெண்கள் இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, மதியம் தலைசுற்றி விழுவதைப் பார்க்கிறேன். பயண நேரம் எவ்வளவு, எப்போது கரை திரும்புவோம் என்று அவர்களிடம் சரியாகச் சொல்லிவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் இராது.

8. ஏறுவதும் உட்காருவதும்

ஒவ்வொருவராக, படகின் நடுவில் காலை வைத்து ஏறுங்கள். விளிம்பில் மிதித்தால் சாயும். எடை அதிகமானவர்கள் நடுவில், குழந்தைகள் அவர்களுக்கு இரு பக்கமும். ஜாக்கெட்டின் பட்டைகளை எல்லாம் பூட்டிய பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும். வெறுமனே தோளில் மாட்டிய ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேல் கழன்று மிதக்கும்.

கிளம்புமுன் கரையில் இருக்கும் ஒருவரிடம், எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்கு மேல் ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108.

9. ஆறு, லகூன், திட்டு

ஆற்றில் போகும்போது இரு கரையிலும் நெருங்கி நிற்பது பெரும்பாலும் அலையாத்தி. இந்தக் காட்டில் பெரும்பங்கு இந்த ஒரே மரம்தான். ஊடே தில்லை இருக்கும். தில்லை மரத்தின் இலையையோ கிளையையோ ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையே பாதிக்கலாம். தோலிலும் கொப்புளம் வரும். படகு கரையோரம் ஒதுங்கும்போது கிளையைப் பிடித்து இழுப்பது எல்லோருக்கும் கை வந்த பழக்கம். அதைத் தடுக்க வேண்டியது ஏற்பாடு செய்தவரின் வேலை. பட்டுவிட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு வெளியே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் ஈரம் படிந்த கோட்டைக் கவனியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே புது ஈரம் ஒரு விரற்கடை தெரிந்தால் வற்றத் தொடங்கிவிட்டது. தண்ணீருக்கு மேலே வேர் காய்ந்து வெளுத்திருந்தால் இன்னும் ஏறுகிறது. இதைக் கற்றுக்கொண்ட குழந்தைகள் நாள் முழுக்க வேரைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

லகூனுக்குள் வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். படகுக்குப் பின்னால் கிளம்புகிற தண்ணீர் பழுப்பிலிருந்து கருப்பாக மாறினால், இன்ஜின் விசிறி சேற்றைத் தொடுகிறது என்று அர்த்தம். நட்டு வைத்த கழிகளும் மிதவைகளும் தெரிந்தால் அங்கே வலை கிடக்கிறது, சுற்றிப் போக வேண்டும். மடவையும் கொடுவாயும் இறாலும்தான் இங்குள்ளவர்களின் பிழைப்பு. காட்டோரம் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிற இடங்களுக்குள்ளும் படகை விடாதீர்கள்.

பூநாரைக் கூட்டம் தெரிந்தால் நேராக அதை நோக்கிப் போகக் கூடாது. பக்கவாட்டில், மெதுவாக. தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளிக்கொண்டு போகலாம். குனிந்து மேய்கிற பறவைகள் தலையைத் தூக்கி, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் அதோடு நில்லுங்கள். அடுத்து அவை பறக்கும். பறக்கிற படம் வேண்டும் என்று கை தட்டுகிற ஆள் குழுவில் இருந்தால் கிளம்புமுன்னே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடுகிற உயிர்கள் அவை. நம் படத்துக்காக ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை எழுந்து பறந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது.

திட்டில் இறங்கும்போது படகோட்டி முதலில் இறங்கிக் கழியால் குத்திப் பார்த்த தடத்தில் மட்டும் நடங்கள். மூச்சு வேரை மிதிக்காதீர்கள். கால் கிழியும் என்பது ஒரு காரணம். சேற்றில் காற்று இல்லாததால் மரம் அந்த வேர் வழியாகத்தான் மூச்சு விடுகிறது என்பது பெரிய காரணம். சேறு முழங்காலுக்கு மேல் இழுத்தால் காலை நேராகப் பிடுங்க வேண்டாம். முன்னால் சாய்ந்து, குதிகாலை மெல்லத் திருகி எடுத்தால் வரும்.

படகில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும். எல்லோரும் இறங்கிவிட்டால் ஏறுகிற தண்ணீர் படகை நகர்த்திக்கொண்டு போய்விடும்.

10. தரை தட்டினால்

முதலில் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் விசிறி உடையும், குளிர்விக்கும் குழாயில் சேறு அடைக்கும். பிறகு எல்லோரும் ஆழம் இருக்கிற பக்கமாக மெதுவாக நகர்ந்தால், தட்டிய பகுதி லேசாகும். வந்த வழியே பின்னோக்கிக் கழியால் தள்ளுங்கள். முன்னால் போய்த் தாண்டிவிடலாம் என்று நினைத்தால் இன்னும் மாட்டும்.

அதற்கும் நகரவில்லை, தண்ணீரும் வற்றுகிறது என்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று சேற்றில் இறங்கி நடக்க யாரையும் விடாதீர்கள். மீதித் தண்ணீரை ஆளுக்கு எவ்வளவு என்று பங்கிட்டு, கரையில் எழுதிக் கொடுத்தவருக்குச் சிக்னல் கிடைக்கும்போது தகவல் சொல்லுங்கள்.

11. திரும்பி வந்த பிறகு

கயிறு கட்டியதும் முதலில் ஆட்களை எண்ணுங்கள், அடுத்து கேன், டப்பா, பைகளை எண்ணுங்கள். கரையில் இருந்தவரிடம் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் ஊரைக் கூட்டிவிடுவார்.

பேசிய வாடகையைப் படகோட்டிக்குக் கையோடு கொடுத்துவிடுங்கள். செருப்பையும் கேமரா, கண்ணாடி வெளிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அன்றே துடைக்க வேண்டும், உப்பு காய்ந்தால் அரிக்கும். காலில் சிப்பி கீறியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள், சேற்றுக் காயம் சீக்கிரம் சீழ் பிடிக்கும். காயம் ஆழமாக இருந்தால் டெட்டனஸ் ஊசிக்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அன்றைய திதி, படகோட்டி சொன்ன உச்ச ஏற்ற நேரம், எங்கே அடி தட்டியது, காற்று எந்தப் பக்கம் என்ற நான்கையும் வண்டியில் ஏறுமுன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த முறை இரண்டாம் படியை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.